‘பை பை பேர்டி’யும் எங்க ஊர் வேன் செல்ஃபியும்

போன கல்ச்சுரல்ஸ்ல எங்க டிராமா கிளப் போட்ட இருபது நிமிஷ ஸ்கிட்டைப் பார்த்தவங்களுக்கு முதல்ல ஒரு வாக்குமூலம்: அது சுட்ட கதை. ஊரே கொண்டாடுற ஒரு பாட்டுக்காரனுக்கு மிலிட்டரியில இருந்து லெட்டர் வரும். கிளம்புறதுக்கு முன்னாடி யாராவது ஒரு ரசிகையோட கடைசியா ஒரு செல்ஃபி எடுத்து அதை லைவ்ல போடணும்னு மேனேஜர் பிளான் பண்ணுவார். அதுல ஒரு ஊரே ரெண்டுபடும். இதை நாங்க யோசிக்கலை. அமெரிக்காக்காரங்க 1960லயே எழுதி மேடை ஏத்திட்டாங்க. பேரு ‘பை பை பேர்டி’. ஒரிஜினல்ல அது செல்ஃபி இல்லை, முத்தம். நம்ம காலேஜ் ஸ்டேஜ்ல அதுக்குப் பர்மிஷன் கேட்குற தைரியம் எங்க டீம்ல ஒருத்தருக்கும் வரலை.

ஸ்கிட் முடிஞ்சதும் ஒரு ஜூனியர் ஸ்டேஜ் பின்னாடி வந்து கேட்டான்: “அண்ணா, ஸ்டாரை எல்லாம் நிஜமாவே பிடிச்சு ஆர்மில போடுவாங்களா?” தலையில ஒட்டுன விக்கைப் பிச்சுக்கிட்டே “ஆமாடா, போடுவாங்க”ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பதில் அவ்வளவு சின்னது இல்லைன்னு அப்புறம்தான் தோணுச்சு. அதான் இந்தக் கட்டுரை. ப்ளஸ் டூ வரைக்கும் இங்கிலீஷ் மீடியம், தமிழ் எனக்கு செகண்ட் லாங்குவேஜ். ஒற்றுப்பிழை இருந்தா எடிட்டரைத் திட்டுங்க.

கதை என்ன?

கான்ராட் பேர்டி ஒரு ராக் அண்ட் ரோல் பாடகன். இடுப்பை ஆட்டினால் போதும், பெண்கள் மயங்கி விழுவார்கள். அவனுக்கு ராணுவத்தில் சேரச் சொல்லி அரசாங்கக் கடிதம் வந்துவிடுகிறது. கவலை அவனுக்கு இல்லை, அவன் மேனேஜர் ஆல்பர்ட்டுக்குத்தான். பேர்டி போய்விட்டால் கம்பெனி காலி. ஆல்பர்ட்டின் செக்ரட்டரி ரோஸ், அவனைக் காதலிக்கிறவள், எட்டு வருஷமாகக் கல்யாணத்துக்குக் காத்திருக்கிறவள், ஒரு ஐடியா கொடுக்கிறாள். ‘ஒன் லாஸ்ட் கிஸ்’ என்று ஒரு பாட்டு எழுது. ரசிகர் மன்றத்துப் பெண்களில் ஒருத்தியைத் தேர்ந்தெடு. டிவியில் நேரலையாகப் பேர்டி அந்தப் பாட்டைப் பாடி அவளுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு ராணுவத்துக்குப் போகட்டும். பாட்டு விற்கும், ராயல்டி வரும், நீ இந்தத் தொழிலை விட்டுவிட்டு இங்கிலீஷ் வாத்தியாராகப் போ, நாம் கல்யாணம் செய்துகொள்ளலாம். நம்ம ஊர்ல மேனேஜர் வேலையை விட்டுட்டு வாத்தியாராப் போறேன்னு ஒருத்தர் சொன்னா வீட்ல என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அங்கயும் அதேதான். ஆல்பர்ட்டோட அம்மா ஒரு கேரக்டர் இருக்கு, தமிழ் சீரியல் மாமியார் எல்லாம் அந்தம்மாகிட்ட டியூஷன் போகணும்.

தேர்ந்தெடுக்கப்படும் பெண் கிம், வயது பதினைந்து, ஊர் ஒஹாயோ மாநிலத்தில் ஸ்வீட் ஆப்பிள். கற்பனை ஊர்தான். அன்றைக்குத்தான் கிம் அவளுடைய வகுப்புப் பையன் ஹூகோவோடு ‘ஸ்டெடி’ ஆகியிருக்கிறாள். பேர்டி வந்து இறங்குகிறான், நேராகக் கிம் வீட்டிலேயே தங்குகிறான். மேயர் மனைவி மயங்கி விழுகிறாள், எழுந்ததும் திரும்ப மயங்கி விழுகிறாள். கிம்மின் அப்பாவுக்கோ தன் வீட்டில் தனக்கு முட்டை கிடைக்காத கோபம். ஆனால் ‘நீங்களும் டிவியில் வருவீர்கள்’ என்றதும் அந்த மனுஷன் அடியோடு மாறிவிடுவார். கடைசியில் லைவ் ஷோவில் பேர்டி முத்தம் கொடுக்கக் குனியும்போது ஹூகோ ஓடிவந்து அவன் மூஞ்சியில் ஒரு குத்து விடுகிறான். நாடு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முதல் பாதி முடிந்தது.

இரண்டாம் பாதியை நான் வேகமா ஓட்டிடறேன், ஏன்னா அது முதல் பாதி அளவுக்கு இல்லை. எல்லாரும் வீட்டை விட்டு ஓடுவார்கள், தேடுவார்கள், போலீஸ் வரும். பேர்டி ஆல்பர்ட்டோட அம்மா டிரஸ்ஸைப் போட்டுக்கிட்டு ரயிலேறித் தப்பிப்பான். ரோஸுக்குக் கல்யாணம். சுபம்.

நீங்க கவனிச்சீங்களா? பேர்டி பேரில் நாடகம், ஆனால் பேர்டிக்கு அதில் வசனமே கொஞ்சம்தான். அவன் ஒரு கல். குளத்தில் விழுகிற கல்லைப் பற்றி யாருக்கு அக்கறை, வட்டம் வட்டமாக விரிகிற தண்ணீர்தான் கதை. எங்க ஸ்கிட்ல நாங்க பண்ணின முதல் தப்பே இதுதான். பாடகனுக்கு ஆறு பக்க டயலாக் எழுதினோம். ரிகர்சல்ல ஒருத்தனும் சிரிக்கலை. டயலாக்கை எல்லாம் வெட்டிட்டு அவனை வெறுமனே தலைமுடியைக் கோத விட்டோம், அப்போதான் ஹால் சிரிச்சுச்சு.

ரசிகர்களைப் பத்தி அந்த நாடகத்துல ஒரு அருமையான சீன் இருக்கு. கிம் ‘ஸ்டெடி’ ஆன செய்தி ஊருக்குள்ள பரவணும். மேடையில் அடுக்கடுக்கான பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பையனோ பெண்ணோ, கையில் டெலிபோன். எல்லாரும் ஒரே நேரத்தில் பாட்டாகவே வம்பு பேசுகிறார்கள். கூகுள் மீட்ல கேலரி வியூ பார்த்திருப்பீங்களே, அச்சு அசல் அதேதான், 1960ல. யூடியூப்பில் ‘டெலிபோன் அவர்’ என்று தேடுங்கள். 1963ல் வந்த படத்தின் காட்சி கிடைக்கும்.

கதை, வசனம் மைக்கேல் ஸ்டூவர்ட். பாட்டு வரிகள் லீ ஆடம்ஸ், இசை சார்லஸ் ஸ்ட்ரவுஸ். பிராட்வேயில் 1960 ஏப்ரல் 14 அன்று திரை விலகியது, 607 காட்சிகள் ஓடியது, அடுத்த ஆண்டு சிறந்த மியூசிக்கலுக்கான டோனி விருது. ஆல்பர்ட்டாக டிக் வான் டைக், ரோஸாக சீட்டா ரிவேரா. 1963 படத்தில் கிம்மாக ஆன்-மார்கரெட். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இப்பவும் அமெரிக்கப் பள்ளிக்கூட ஆண்டு விழாக்கள்ல அடிக்கடி போடுற நாடகம் இது. காரணம் சிம்பிள்: கூட்டமா நிறைய டீனேஜ் கேரக்டர். ஒரு கிளாஸ் மொத்தத்தையும் மேடை ஏத்திடலாம், எந்தப் பெற்றோருக்கும் கோபம் வராது. வெற்றி பெற்றதேன்னு 1981ல இரண்டாம் பாகம் எடுத்தாங்க, நாலே காட்சியில் மூடிட்டாங்க. சீக்வல் சாபம் கோலிவுட்டுக்கு மட்டும் இல்லை.

ஒரு குறையும் சொல்லணும். ரோஸ் ஸ்பானிஷ் வம்சாவளி. ஆல்பர்ட்டின் அம்மா அதை வைத்து அவளைக் குத்திக்கொண்டே இருப்பாள், அரங்கமும் சிரிக்கும். மேடையில் புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளிப் பெண் நடித்த அந்த வேடத்துக்குப் படத்தில் ஜேனட் லீக்குக் கறுப்பு விக் மாட்டினார்கள். கறுப்புப் பெண் வேடத்துக்கு வெள்ளைத் தோல் நடிகைக்கு மை பூசுற ஊர்ல இருந்துகிட்டு நான் ரொம்பப் பேச முடியாது. ஆனா அந்த ஜோக்குகளை நாங்க ஸ்கிட்ல எடுத்துக்கலை.

நிஜ பேர்டி

பேர்டி என்ற பேர் கான்வே ட்விட்டி என்ற பாடகரின் பேரைக் கிண்டல் செய்வது. கதை எல்விஸ் பிரெஸ்லியுடையது.

1957 டிசம்பர், கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரம். எல்விஸுக்கு 22 வயது, உலகத்தின் மிகப் பெரிய பாப் ஸ்டார். அமெரிக்காவில் அப்போது கட்டாய ராணுவ சேவை இருந்தது. அவருக்கும் கடிதம் வந்தது. (அதே 1957 மே மாதம்தான் நேரு வந்து நெய்வேலியில் சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். சம்பந்தம் எதுவும் இல்லை. எங்க ஊரைக் கட்டுரைக்குள்ள கொண்டு வர ஒரு வழி தேடினேன், அவ்வளவுதான்.) ‘கிங் கிரியோல்’ படப்பிடிப்பு பாக்கி இருந்ததால் கொஞ்ச நாள் தவணை கேட்டார்கள், கொடுத்தார்கள். 1958 மார்ச் 24 அன்று எல்விஸ் சிப்பாய் ஆனார். மறுநாள் முடி வெட்டு. அந்த முடி வெட்டைப் படம் பிடிக்க எத்தனை கேமரா நின்றது என்று பழைய போட்டோக்களைப் பார்த்தால் தெரியும். நம்ம ஊரில் ஹீரோ பழநியில் மொட்டை போட்டால்கூட அவ்வளவு கூட்டம் சந்தேகம்தான். சம்பளம் மாதம் 78 டாலர்.

ராணுவத்தில் பொழுதுபோக்குப் பிரிவு ஒன்று உண்டு. அதில் சேர்ந்து முகாம் முகாமாகப் பாடிவிட்டு சொகுசாகக் காலம் தள்ளியிருக்கலாம். எல்விஸ் அதை வேண்டாம் என்றார். அவருடைய மேனேஜர் டாம் பார்க்கரின் கணக்கு வேறு. ‘சலுகை வாங்கிய ஸ்டார்’ என்று பேர் வந்தால் பெரியவர்களுக்குப் பிடிக்காது. மற்ற பையன்களைப் போல டாங்கிப் படையில் ஓடினால் இதுவரை இடுப்பாட்டத்தைத் திட்டிய அம்மா அப்பாக்களும் மன்னிப்பார்கள். இந்த பார்க்கரை எல்லாரும் ‘கர்னல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். லூசியானா ஆளுநர் கொடுத்த கௌரவப் பட்டம் அது, போர்க்களத்தில் வாங்கியது கிடையாது. நிஜ ராணுவத்துக்குப் பாடகன் போகிறான், பட்டத்துக் கர்னல் வீட்டில் உட்கார்ந்து ரெக்கார்டு விற்கிறார். எல்விஸ் இல்லாத இரண்டு வருஷமும் ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருந்த பாட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியிட்டுக்கொண்டே இருந்தார்கள். கூகுள் கேலண்டர் இல்லாத காலத்தில் ஷெட்யூல்டு போஸ்ட்!

காமெடியில் வராத பகுதி ஒன்று உண்டு. பயிற்சிக் காலத்திலேயே, 1958 ஆகஸ்ட் 14 அன்று, எல்விஸின் அம்மா கிளாடிஸ் இறந்துபோனார். மகன் தூரதேசம் போகிறானே என்று அந்தம்மா தவித்த தவிப்பைப் பற்றி எல்விஸ் வரலாற்றில் எல்லாரும் எழுதுகிறார்கள். அடுத்த மாதமே எல்விஸ் ஜெர்மனிக்குக் கப்பலேறினார். நாடகத்தில் ஆல்பர்ட்டின் அம்மாவைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். பேர்டிக்கு அம்மாவே இல்லை, அவனுக்கு வீடு என்று ஒன்றுமே எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் சிரிப்பு வந்திருக்காது.

1960 மார்ச் 5, எல்விஸ் விடுதலை. நாடகம் அரங்கேறியது அதற்கு அடுத்த மாதம். அதாவது அவர் ‘போவதை’ப் பற்றிய நாடகம் வரும்போது ஆள் திரும்பி வந்தாச்சு. அதே வருஷம் அவரே சிப்பாய் வேடத்தில் ‘ஜி.ஐ. புளூஸ்’ என்று ஒரு மியூசிக்கல் படத்தில் நடித்தார். ரெண்டு வருஷ ராணுவ வாழ்க்கையையே புரமோஷன் ஆக்கியாச்சு. கர்னல் கணக்கு கரெக்ட்.

எங்க ஊர், பிப்ரவரி 2020

இப்போ நான் ஏன் இந்த நாடகத்தைப் பிடிச்சுக்கிட்டேன்னு சொல்றேன். ஸ்வீட் ஆப்பிள் எனக்குத் தெரிஞ்ச ஊர். அங்கதான் நான் வளர்ந்தேன், பேரு மட்டும் நெய்வேலி டவுன்ஷிப்.

தெரியாதவங்களுக்கு: எங்க ஊர்ல தெருப் பேர் கேட்டா நம்பர் சொல்லுவோம். வட்டம் இத்தனை, அப்புறம் குவார்ட்டர்ஸ் நம்பர். எல்லா வீடும் ஒரே மாதிரி, எல்லார் அப்பாவும் ஷிஃப்ட் போறவர், எல்லார் வீட்லயும் தூசி. இரவு ஷிஃப்ட் அப்பா பகல்ல தூங்கணும், அதனால விளையாட்டும் மெதுவாத்தான். ஒழுங்கான, அமைதியான, மரம் நிறைஞ்ச, எதுவுமே நடக்காத ஊர். ஜூலை மாசப் புத்தகக் கண்காட்சி வந்தாத்தான் எங்களுக்குத் திருவிழா.

அந்த ஊருக்கு விஜய் வந்தார். ‘மாஸ்டர்’ படத்துக்காக லோகேஷ் கனகராஜ் டீம் என்.எல்.சி. இரண்டாம் சுரங்கத்துல ஷூட்டிங் வச்சிருந்தாங்க. நான் பத்தாவது, பப்ளிக் எக்ஸாமுக்கு ஒரு மாசம்தான் பாக்கி. பிப்ரவரி 5ஆம் தேதி வருமான வரித்துறை அதிகாரிகள் ஷூட்டிங் நடந்த இடத்துக்கே வந்து அவரை விசாரணைக்காகச் சென்னைக்கு அழைச்சுட்டுப் போனாங்க. ஊருக்குள்ள பரவின வேகம் இருக்கே! என் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்ல அன்னைக்கு ராத்திரி நடந்ததுதான் ‘டெலிபோன் அவர்’. ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு செய்தி, அத்தனையும் தப்பு.

விசாரணை முடிஞ்சு அவர் திரும்ப ஷூட்டிங்குக்கு வந்தார். சுரங்கத்துல ஷூட்டிங் நடத்தக் கூடாதுன்னு ஒரு பக்கம் போராட்டம், அதைக் கேட்டு ரசிகர்கள் கூட்டம் இன்னொரு பக்கம். சுரங்கத்துக்கு வெளியே நாளுக்கு நாள் கூட்டம் ஏறிக்கிட்டே போச்சு. பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நானும் என் நண்பனும் ரிவிஷன் டெஸ்ட்டுக்குப் படிக்கப் போறோம்னு வீட்ல சொல்லிட்டு சைக்கிள்ல போனோம். அவன் எங்க வட்டத்துப் பாடகன். கோயில் திருவிழா, பொங்கல் விழா, யார் வீட்டுக் காதுகுத்துன்னாலும் மைக் அவன் கையிலதான் இருக்கும். ரெண்டு பேரும் நின்ன இடத்துல இருந்து தெரிஞ்சது முதுகு, முதுகு, அப்புறம் இன்னும் கொஞ்சம் முதுகு. திடீர்னு ஒரு சத்தம். தூரத்துல ஒரு வேன் மேல ஒரு ஆள் ஏறுறார். கையைத் தூக்குறார், போனைத் திருப்புறார்.

அந்த செல்ஃபி உங்க எல்லாருக்கும் தெரியும். நெய்வேலிக்கு நன்றின்னு போட்டு மறுநாள் ட்விட்டர்ல ஏத்தினார். 2020ல இந்தியாவுல அதிகமா ரீட்வீட் ஆன ட்வீட் அதுதான்னு வருஷக் கடைசியில ட்விட்டரே அறிவிச்சுது. அந்தப் படத்துல நானும் இருக்கேன். எத்தனை தடவை ஜூம் பண்ணாலும் இல்லை, ஆனா இருக்கேன்.

‘பை பை பேர்டி’யை ரெண்டு வருஷம் கழிச்சு முதல் தடவை லேப்டாப்ல பார்த்தப்ப எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஞாபகம் வந்துச்சு. அரசாங்கத்தோட ஆள் வந்து ஸ்டாரைக் கூட்டிட்டுப் போறது, அதனாலயே கூட்டம் பத்து மடங்காகுறது, அதுவரை ‘சினிமாக்காரனுக்கு என்னடா இவ்வளவு’ன்னு திட்டின அப்பாக்கள் சாயங்காலம் ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு ‘சும்மா அந்தப் பக்கமா’ போய்ட்டு வர்றது. என் அப்பாவும் போனார். கேட்டா டியூட்டி விஷயம்னார். அன்னைக்கு அவருக்கு வீக்லி ஆஃப்.

இப்ப ஜூனியரோட கேள்விக்கு வருவோம்

நம்ம நாட்டில் பிடித்துப் போட மாட்டார்கள். இந்தியாவில் கட்டாய ராணுவ சேவை இருந்ததே இல்லை. இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்ட 25 லட்சம் இந்தியச் சிப்பாய்களும், காகிதத்தில் பார்த்தால், தாமாகச் சேர்ந்தவர்கள்தான். பஞ்சமும் வேலையின்மையும் எவ்வளவு பேரைத் ‘தாமாக’ச் சேர வைத்தது என்பது வேற கட்டுரை. அரசியல் சட்டம் 23ஆம் பிரிவில் பொதுக் காரியங்களுக்காக அரசு கட்டாய சேவை விதிக்கலாம் என்று ஒரு வழி வைத்திருக்கிறது. ராணுவத்துக்காக அந்த வழியில் இதுவரை யாரும் போகவில்லை. நம்ம ஸ்டார்களுக்கு ராணுவம் என்றால் கௌரவம்: மோகன்லாலுக்கு 2009ல், தோனிக்கு 2011ல் பிராந்திய ராணுவத்தில் கௌரவ லெஃப்டினன்ட் கர்னல் பதவி. தோனி அதைச் சும்மா சட்டையில் குத்திக்கொள்ளவில்லை. 2015ல் ஆக்ராவில் பாராசூட் பயிற்சி முடித்தார், 2019ல் காஷ்மீரில் பதினைந்து நாள் தன் பட்டாலியனோடு டியூட்டி பார்த்தார்.

நிஜமாகவே பிடித்துப் போடுகிற ஊர் இன்று கொரியா. பிடிஎஸ் ரசிகர்களுக்கு நான் சொல்ல ஒண்ணும் இல்லை, எங்க ஹாஸ்டல் லேடீஸ் விங்ல ஜின் சேர்ந்த நாள், ரிலீஸ் ஆன நாள் எல்லாம் பிராக்டிகல் எக்ஸாம் தேதி மாதிரி மனப்பாடம். மற்றவர்களுக்கு மட்டும்: பாப் ஸ்டார்கள் முப்பது வயது வரை தள்ளிப்போடலாம் என்று 2020 டிசம்பரில் சட்டமே திருத்தினார்கள். விலக்கு மட்டும் கிடைக்கவில்லை. ஜின் 2022 டிசம்பரில் போனார், மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக, கடைசி ஆள் வெளியே வந்தது 2025 ஜூனில். ‘கங்னம் ஸ்டைல்’ சை கதை இன்னும் சோகம், அதாவது இன்னும் காமெடி. ராணுவத்துக்குப் பதிலாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்து 2005ல் கடமையை முடித்தார். அங்கே அவர் ஒழுங்காக வேலை பார்க்கவில்லை என்று விசாரணை வந்தது. 2007ல் திரும்பவும் முதலில் இருந்து, இந்தத் தடவை நிஜ ராணுவத்துக்கே அனுப்பிவிட்டார்கள். சாஃப்ட்வேர் கம்பெனியில் சும்மா உட்கார்ந்ததுக்கு ராணுவ தண்டனை! பெஞ்சில் உட்காரப்போகும் எங்க பேட்ச் கவனிக்கவும்.

தமிழர்களை ராணுவம் கட்டாயமாகக் கூப்பிடும் ஊரும் ஒன்று இருக்கிறது: சிங்கப்பூர். 1967ல் இருந்து பையன்கள் பதினெட்டு வயதில் போயே ஆகவேண்டும், இரண்டு வருஷம். அங்கே எழுதப்பட்ட ‘ஆர்மி டேஸ்’ என்ற நாடகம் மைக்கேல் சியாங் எழுதியது, 1987ல் மேடைக்கும் 1996ல் படமாகவும் வந்தது. சீனர், மலாய்க்காரர், யூரேசியர் என்று ஐந்து புதுச் சிப்பாய்கள், அதில் ஒருவன் கிருஷ்ணமூர்த்தி. சதா காதலியை நினைத்து உருகிக்கொண்டே துப்பாக்கி துடைக்கிறவன். ஸ்டார் யாரும் இல்லாத பேர்டி கதை என்று சொல்லலாம். அங்கே எல்லார் வீட்டுக்கும் அந்தக் கடிதம் வருவதால் எல்லாருக்கும் ஜோக் புரிகிறது.

அந்த வரியை எழுதும்போதுதான் எனக்கு இடித்தது. நாங்க ஸ்கிட்டை எழுதினப்ப ஒரு இடத்துல மாட்டிக்கிட்டோம். மிலிட்டரி லெட்டர் வந்ததும் பாடகன் அழணும், மேனேஜர் அழணும், கூட்டம் சிரிக்கணும். முதல் ரிகர்சலைப் பார்க்க வந்த மெக்கானிக்கல் பையன் ஒருத்தன், விருத்தாசலம் பக்கம் ஒரு கிராமம், சிரிக்கலை. “எங்க ஊர்ல அந்த லெட்டர் வந்தா வெடி வெடிப்போம்டா”ன்னான்.

உண்மைதான். எங்க மாவட்டத்துல விடிகாலை அஞ்சு மணிக்கு எந்த மைதானத்துக்கு வேணா போங்க, பையன்க ஓடிக்கிட்டிருப்பாங்க. முழு மார்க் வேணும்னா 1.6 கிலோமீட்டரை அஞ்சரை நிமிஷத்துக்குள்ள முடிக்கணும், பத்து புல்-அப்ஸ் எடுக்கணும், அதுக்கு முன்னாடி ஆன்லைன் பரீட்சை பாஸ் பண்ணணும். அக்னிபத் திட்டம் 2022 ஜூன்ல அறிவிச்சாங்க. நாலு வருஷ வேலை, முதல் வருஷம் மாதம் 30,000, அதுல கைக்கு வர்றது சுமார் 21,000. நாலு வருஷ முடிவில் அதிகபட்சம் நூத்துக்கு 25 பேரைத்தான் வச்சுப்பாங்க, மத்தவங்க சுமார் 11.71 லட்சத்தோட வீட்டுக்கு. அமெரிக்கக் காமெடிக்கு எரிபொருளே ‘போக மாட்டேன்’ங்கிறதுதான். இங்க வரிசையில நிக்கிறவனுக்குக் கிடைக்காதுங்கிறதுதான் பயம்.

அதனால ஸ்கிட்ல ஒரு திருப்பம் வச்சோம். பார்த்தவங்களுக்குத் தெரியும்: மேனேஜர் அழுவார், பாடகனோட அம்மா மட்டும் லட்டு கொடுப்பாங்க. “கவர்மென்ட் வேலைடா!” அந்த ஒரு டயலாக்குக்குத்தான் அன்னைக்கு அதிகக் கைதட்டல். கிண்டி இன்ஜினீயரிங் காலேஜ்ல மெக்கானிக்கல் படிச்ச கிரேஸி மோகன் மாதிரி ஒரு வசனமாவது எழுதணும்னு எனக்கு ஆசை. அது அவர் எழுதினதே இல்லைன்னு யாரும் சொல்ல மாட்டாங்கன்னு நம்புறேன். ஆனா நாங்க அதை யோசிச்சுக்கூட எழுதலை. அது நிஜத்துல கேட்ட வசனம். என் நண்பனோட அம்மா சொன்னது.

ஆமா, அந்த சைக்கிள் நண்பன்தான். ப்ளஸ் டூ முடிச்சு எனக்கு கவுன்சலிங் கால் வந்தது, அவன் மைதானத்துல ஓட ஆரம்பிச்சான். ஒரு டிவி சிங்கிங் ஷோ ஆடிஷன்ல இரண்டாவது ரவுண்டு வரை போய்ட்டு வந்தவன். 2023ல அக்னிவீரா சேர்ந்துட்டான். வழியனுப்ப விருத்தாசலம் ஸ்டேஷனுக்கு நாங்க ஏழு பேர் போனோம். மேயர் மனைவி எல்லாம் யாரும் வரலை. அவன் அம்மா லெமன் சாதம் கட்டிக் கொடுத்தாங்க, அவன் அக்கா பையன் பிளாட்பாரத்துல உருண்டு அழுதான். பாடுடான்னோம். தொண்டை கட்டிருக்குன்னான். கட்டலைன்னு எங்க ஏழு பேருக்கும் தெரியும்.

ஸ்கிட் வீடியோவை அவனுக்கு அனுப்பினேன். நெட்வொர்க் கிடைக்கிற ஊர்ல அவன் இல்லை, நாலு நாள் கழிச்சுத்தான் ரெண்டு டிக் நீலமாச்சு. திட்டுவானோன்னு பயம் இருந்துச்சு. அவன் கதையை எடுத்து ஜோக்காக்கி மைக்ல விட்டிருக்கேனே. வாய்ஸ் நோட் வந்துச்சு. முதல் இருபது செகண்ட் சிரிப்பு, அப்புறம்: “டேய், ஹேர்கட் சீன் தப்புடா. அவ்ளோ நேரம் எல்லாம் ஆகாது. நாப்பது செகண்ட். நான் கண்ணைத் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சிருச்சு.”

அடுத்த வாய்ஸ் நோட்ல ஒரு வேலை கொடுத்திருந்தான். அவங்க யூனிட்ல அடுத்த வாரம் படா கானா. ஆபீஸர், ஜவான் எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடுற பெரிய விருந்து, பாட்டு டான்ஸ் எல்லாம் உண்டு. இவன் பாடுறான்னு எப்படியோ தெரிஞ்சு பேர் கொடுத்துட்டாங்க. பஞ்சாபிப் பையன் ஒருத்தனும் கர்வாலி ஒருத்தனும் தமிழ்ப் பாட்டுதான் வேணும், குத்துப் பாட்டா இருக்கணும்னு அடம். கரோக்கி டிராக் டவுன்லோடு ஆக மாட்டேங்குது, ஒரிஜினல் பிட்ச் அவனுக்கு இப்ப எட்டாது, ரெண்டு வருஷமா பாடலை, அரை சுரம் இறக்கி அனுப்புடான்னான்.

ஆடசிட்டில போட்டு இறக்கி, பத்து எம்பிக்குள்ள கம்ப்ரெஸ் பண்ணி அனுப்பிட்டேன். இதை எழுதி முடிக்கிற வரைக்கும் ஒரு டிக்தான்.